ஒன்பது மணிப் பக்கத்தில் ஓர் ஓட்டை

ரோலெக்ஸ் சீ-டுவெல்லர் வாட்சில் சாவி வலப்பக்கம் இருக்கும். அதற்கு நேர் எதிரே, ஒன்பது மணிப் பக்கத்து விளிம்பில், ஒரு சிறு வட்டம் தெரியும். புதிதாகப் பார்ப்பவர்கள் அதை ஏதோ திருகாணி என்று நினைத்துக்கொள்வார்கள். உள்ளே புகுந்துவிட்ட ஹீலியம் வாயுவை வெளியேற்றும் வால்வு அது. பழைய டைவிங் வாட்சுகளைச் சேகரிப்பவர்களிடையே இந்த வட்டத்தைப் பற்றித் தீராத வழக்கு ஒன்று நடக்கிறது. இதை முதலில் போட்டவர் யார்? ரோலெக்ஸ் என்பது ஒரு கட்சி. சுவிட்சர்லாந்தின் லெ லோக்லைச் சேர்ந்த டோக்ஸா என்பது எதிர்க்கட்சி. இருவரும் சேர்ந்தே செய்தார்கள் என்று பஞ்சாயத்து பேசுபவர்களும் உண்டு. மூன்று தரப்பும் காட்டும் சான்றுகள் பெரும்பாலும் ஏலப் பட்டியல்களும் விளம்பர வரலாறுகளும்தான். சரக்கு விற்பவர் எழுதிய வரலாறு என்பதால் அவற்றை ஓரமாக வைத்துவிட்டு, அந்தக் காலத்துக் காகிதங்களிலிருந்து தேடத் தொடங்கினேன்.

வால்வு எதற்கு என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஆயிரக்கணக்கில் டாலர் கொடுத்து வாங்குபவர்களிலேயே பலர், வாட்ச் அதிக ஆழம் தாங்குவதற்கு இது உதவுகிறது என்று நம்புகிறார்கள். ஆழத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. கடல் அடியில் நாள்கணக்கில் வேலை செய்பவர்கள் ஒவ்வொரு முறையும் மேலே வந்து போக முடியாது. கடலடி அழுத்தத்துக்குச் சமமாக அழுத்தம் ஏற்றிய அறையிலேயே உண்டு உறங்கி, அங்கிருந்து வேலைக்குப் போய்வருவார்கள். அவ்வளவு அழுத்தத்தில் நைட்ரஜனைச் சுவாசித்தால் போதையேறி மதி மயங்கும் என்பதால், அறைக் காற்றில் பெரும்பகுதி ஹீலியம். அதன் அணு மிகச் சிறியது. தண்ணீரைத் தடுக்கும் ரப்பர் வாஷர் வழியே அது மெதுவாக நுழைந்துவிடும். சில நாள்களில் வாட்சுக்குள்ளும் அறைக்குள்ளும் ஒரே அழுத்தம். அதுவரை தொல்லை இல்லை. ஊர் திரும்பும் நேரத்தில் அறையின் அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே வருவார்கள். சாவகாசமாக உள்ளே போன ஹீலியத்தால் அந்தக் குறைப்பின் வேகத்துக்கு ஈடாக வெளியேற முடியாது. வெளியிலிருந்து வரும் தள்ளலைத் தாங்கவே செய்யப்பட்ட கண்ணாடி, உள்ளிருந்து தள்ளும்போது தெறித்துக் கழன்றுவிடும். குக்கர் தலையில் வெயிட் செய்யும் வேலையைத்தான் இங்கே சின்ன ஸ்பிரிங் ஒன்று செய்கிறது: உள் அழுத்தம் மிஞ்சினால் திறந்து வாயுவை விடும், வெளியிலிருந்து எதையும் உள்ளே விடாது.

இது புரிந்தவுடன் தேட வேண்டிய இடம் சுருங்கிவிட்டது. ஹீலியத்தில் நாள்கணக்கில் குடியிருந்தவர்களுக்குத்தான் கண்ணாடி தெறிக்கும். அப்படிக் குடியிருந்தவர்கள் 1960களின் நடுவில் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். அமெரிக்கக் கடற்படை மருத்துவர் ஜார்ஜ் பாண்ட் நடத்திய சீலேப் திட்டம் அத்தகைய முயற்சிகளில் முக்கியமானது. 1964 ஜூலையில் பெர்முடா அருகே 193 அடி ஆழத்தில் நான்கு பேர் 11 நாள் தங்கினார்கள். மறு ஆண்டு கலிபோர்னியாவின் லா ஹோயா கடற்பகுதியில் 205 அடி ஆழத்தில் மூன்று குழுக்கள் மாறி மாறி 45 நாள். இவற்றைப் பற்றிய கடற்படை ஆய்வு அலுவலகத்தின் அறிக்கைகள் ஏசிஆர் 108, ஏசிஆர் 124 என்ற எண்களில் அச்சாயின. அழுத்தம் ஏறிய, ஹீலியம் நிறைந்த வீட்டில் மனிதர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதற்கு இவற்றைவிட நல்ல சாட்சி கிடையாது. (ஹீலியம் குரலை வாத்துக் கத்தல்போல ஆக்கிவிடும். இரண்டாம் சீலேபில் 30 நாள் இருந்த விண்வெளி வீரர் ஸ்காட் கார்பென்டர், அழுத்தம் குறைக்கும் அறையிலிருந்து அதிபர் ஜான்சனோடு தொலைபேசியில் பேசிய ஒலிப்பதிவு இருக்கிறது. நமது வழக்குக்கு அதனால் பயனில்லை என்றாலும் கேட்காமல் விடாதீர்கள்.) ஆனால் இந்த அறிக்கைகள் நோய் எங்கே பிறந்தது என்றுதான் காட்டும், மருந்தைக் கண்டவர் யார் என்று காட்டாது.

அடுத்த சாட்சி மனித நினைவு. மூன்று சீலேப் சோதனைகளிலும் பங்கேற்ற ராபர்ட் பார்த், அழுத்தம் குறைக்கும்போது கண்ணாடி தெறித்த அனுபவத்தை ரோலெக்ஸின் ஆலோசகர் வாக்கர் லாயிடிடம் எடுத்துச் சொன்னதாகவும், யோசனை அங்கிருந்து ஜெனீவா போனதாகவும் ஒரு வரலாறு வழங்குகிறது. பார்த் அந்த அறையில் இருந்தவர். குறையை முதலில் உணர்ந்தவர்களில் அவர் ஒருவர் என்பதை நான் முழுதாக ஏற்கிறேன். ஆனால் பல ஆண்டுகள் கழித்துச் சொல்லப்பட்ட நினைவைக் கொண்டு நாள், கிழமை குறிக்க முடியாது.

நாள் குறித்த காகிதம் காப்புரிமைக் கிடங்கில் இருந்தது. ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் எஸ்பாசனெட் என்ற பெயரில் பழைய ஆவணங்களை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. நிறுவனப் பெயரைப் போட்டுத் தேடினால் வெள்ளம்போல் கொட்டும். கடிகார உறைகளுக்கு ஜி04பி 37 என்று தனி வகுப்பு உண்டு. அதற்குள் போய் ஆண்டுவாரியாகப் புரட்டுவதே நல்ல வழி. அப்படிப் புரட்டினால் சுவிஸ் காப்புரிமை எண் 492246 கண்ணில் படும். விண்ணப்பித்த நாள் 6 நவம்பர் 1967. வழங்கப்பட்டது 15 ஜூன் 1970. விண்ணப்பதாரர் மோந்த்ர் ரோலெக்ஸ், ஜெனீவா. டோக்ஸாவின் பெயர் கிடையாது. பார்த்தின் பெயரும் கிடையாது. கூட்டு முயற்சி என்று என்னிடம் வாதாடியவர்களிடம் ஒப்பந்தமோ ஒரு கடிதமோ காட்டுங்கள் என்று கேட்டேன். யாரும் காட்டவில்லை.

இதோடு வழக்கு முடிந்தது என்று ரோலெக்ஸ் கட்சி சொல்லும். எனக்கு அந்த அவசரம் இல்லை. விண்ணப்ப நாள் ஒரு யோசனை காகிதத்தில் வந்த நாளைத்தான் காட்டுகிறது; அன்றைக்குக் கடையில் வாட்ச் இருந்தது என்று காட்டாது. ஆகவே வாட்சுகளையே சாட்சிக் கூண்டில் ஏற்ற வேண்டியதாயிற்று. சீ-டுவெல்லர் பிறந்தது 1967 என்கிறது நிறுவனம். அந்தக் காலத்தது என்று கருதப்படும் முன்மாதிரிகளின் டயலில் ஒரே ஒரு சிவப்பு வரி, 500 மீட்டர் என்ற அளவு. அவற்றில் சிலவற்றுக்கு வால்வே இல்லை! அடுத்து வந்தது இரண்டு சிவப்பு வரிகளோடு 2000 அடி, அதாவது 610 மீட்டர் தாங்கும் 1665 என்ற மாதிரி. அதன் தொடக்ககாலப் பின்மூடிகளில் ‘காப்புரிமை நிலுவையில்’ என்ற பொருளில் பொறித்திருக்கிறார்கள். 1970க்கு முந்திய பின்மூடி என்பதற்கு இது நல்ல அடையாளம். பின்மூடி கழற்றி மாட்டக்கூடிய பொருள் என்பதால், வாட்சும் அதே வயது என்று சத்தியம் செய்ய முடியாது. விலை கேட்டு மயங்குபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

எதிர்த்தரப்பும் லேசானதல்ல. டோக்ஸா 1967இல் சப் 300 என்ற ஆரஞ்சு டயல் வாட்சைக் கொண்டுவந்தது. மங்கிய நீரில் பளிச்சென்று தெரியும் நிறம். எந்த ஆழத்தில் எத்தனை நிமிடம் இருக்கலாம் என்ற அமெரிக்கக் கடற்படை அட்டவணை டயலைச் சுற்றிய பெசல் வளையத்திலேயே இருந்தது. என் பார்வையில் சாதாரண முக்குளிப்பவருக்கு ஹீலியம் வால்வைவிட இந்தப் பெசல் நூறு மடங்கு உபயோகம். அதன் வழிவந்த கான்கிஸ்டடோர் 1969இல் பாசல் கண்காட்சிக்கு வந்தபோது அதில் ஹீலியம் வால்வு இருந்தது. பொதுமக்கள் வாங்கக்கூடிய முதல் வால்வு வாட்ச் இதுதான் என்பது டோக்ஸா கட்சியின் வாதம். ரோலெக்ஸ் தன் வாட்சுகளைத் தொழில்முறை முக்குளிப்பவர்களுக்கே முதலில் கொடுத்தது என்பதால் அந்த வாதத்துக்கு வலு உண்டு.

தேடலில் எனக்கு அதிகம் பிடித்த சாட்சிகள் வேறு இருவர். 1968இல் ஜப்பானின் ஹிரோஷிமா மாகாணத்துக் குரே நகரிலிருந்து ஒரு தொழில்முறை முக்குளிப்பவர், இந்த வேலைக்கு உங்கள் வாட்ச் தாங்கவில்லை என்று செய்கோவுக்குக் கடிதம் எழுதினார். செய்கோ ஓட்டை போடவில்லை. 1975இல் டைட்டானியம் உறையும் எல் வடிவ வாஷரும் கொண்ட 600 மீட்டர் வாட்சோடு வந்தது. ஹீலியமே உள்ளே போகாத அளவுக்கு இறுக்கம். ஒமேகா 1971இல் விற்பனைக்குக் கொண்டுவந்த ப்ளோப்ரோஃபும் ஒரே துண்டாகக் குடைந்த எஃகு உறையால் அதே வழியில் போனது. பிரெஞ்சு டைவிங் நிறுவனமான கோமெக்ஸ் அதைக் கடலடியில் சோதித்துப் பார்த்தது. ஆனால் பிற்பாடு வால்வு பொருத்திய ரோலெக்ஸ்களையே தன் ஆட்களுக்குக் கட்டிவிட்டது. 5514 என்ற மாதிரியே கோமெக்ஸுக்காகத்தான் செய்யப்பட்டது.

ஆகவே என் தீர்ப்பு இது. குறையைக் கண்டு சொன்னவர்கள் அறைக்குள் இருந்தவர்கள். வால்வை நாள் குறித்துப் பதிவு செய்தது ரோலெக்ஸ். பொதுச் சந்தைக்கு முதலில் வந்தது யாருடையது என்பதில் டோக்ஸாவின் கை சற்று ஓங்கியிருக்கிறது. அந்த மூன்றாவதை முடிவாகச் சொல்ல 1968, 1969 ஆண்டுகளின் விற்பனைப் பதிவேடுகள் வேண்டும். சேகரிப்பவர்களுக்கு ஒன்று: வால்வு இருக்கிறது என்பதற்காகக் கூடுதல் விலை தராதீர்கள். டைவிங் வாட்சுகளுக்கான ஐஎஸ்ஓ 6425 தர விதி, ஹீலியத்தில் வேலை செய்யும் வாட்சை, அதற்குக் குறித்துள்ள அழுத்தத்தைவிட 25 விழுக்காடு கூட்டி 15 நாள் வாயுவில் வைத்து, பிறகு மூன்றே நிமிடத்தில் அழுத்தத்தை இறக்கிப் பார்க்கச் சொல்கிறது. அதில் வாட்ச் தேறினால் போதும். வால்வு இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை.