நளன் மறுக்காத அழைப்பு

பதிவு கொஞ்சம் நீளம். வேலையெல்லாம் முடித்துவிட்டு சாவகாசமாகப் படியுங்கள். வீட்டில் பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கும் பிள்ளைகள் இருந்தால் அவசியம் படியுங்கள்.

போன சனிக்கிழமை நளதீர்த்தக் கரையோரம் நடந்து வந்துகொண்டிருந்தேன். வெளியூரிலிருந்து வந்த குடும்பம் ஒன்று குளித்து முடித்துத் தலை துவட்டிக்கொண்டிருந்தது. ஏழெட்டு வயதுப் பையன் அம்மாவிடம் கேட்டான்: "நளன் என்னம்மா தப்புப் பண்ணினான்?" அந்த அம்மா சொன்னார்: "சூதாடினாம்ப்பா."

பதில் சரிதான். ஆனால் நாற்பது வருடம் சாக்பீஸ் பிடித்த கைக்கு அது பாதி மதிப்பெண் பதிலாகத்தான் பட்டது. கதையை யோசித்துப் பாருங்கள். சூது கெடுதல் என்று நளனுக்குத் தெரியாதா? தெரியும். புட்கரன் ஆடக் கூப்பிட்டான். கூப்பிட்ட இடத்தில் வரமாட்டேன் என்று சொல்ல நளனுக்கு வாய் வரவில்லை. தமயந்தி கெஞ்சினாள், மந்திரிகளும் ஊர் ஜனங்களும் அரண்மனை வாசலில் வந்து நின்றார்கள். உட்கார்ந்துவிட்டவனுக்கு எழுந்திருக்கத் தெரியவில்லை.

பாரதத்தில் இந்தக் கதையை யார் யாருக்குச் சொல்கிறார்கள் என்பதையும் பாருங்கள். காட்டில் இருக்கும் தருமருக்குப் பிருகதசுவர் என்ற முனிவர் சொல்கிறார். தருமரும் அதே தப்பைச் செய்து நாட்டை இழந்தவர்தான். அழைத்தால் மறுக்கக் கூடாது என்பதை மரியாதையாக நினைத்தவர். ஆக, நம் ஊர்ப் பெயரோடு சேர்ந்து நிற்கும் இந்தக் கதை, கூட்டாளி கூப்பிட்டால் "வேண்டாம்" என்று சொல்ல முடியாதவர்களின் கதை.

இதை இன்று எழுதக் காரணம் இருக்கிறது. நம் காரைக்கால் பிள்ளைகளுக்கு இந்த அழைப்பு மற்ற ஊர்ப் பிள்ளைகளைவிடச் சீக்கிரமாகவும் மலிவாகவும் வருகிறது. அது ஏன் என்பதற்கு ஒரு சரித்திரம் இருக்கிறது.

1739-ல் தஞ்சை மன்னரிடமிருந்து காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனது. அன்றிலிருந்து நம்மைச் சுற்றி ஒரு கோடு. கோட்டுக்கு அந்தப் பக்கம், 1937-ல் ராஜாஜி முதன்முதலாகச் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். 1948 அக்டோபர் 2 முதல் அது சென்னை மாகாணம் முழுவதற்கும் வந்துவிட்டது. இந்தப் பக்கம் பிரெஞ்சு ஆட்சி, விலக்கு கிடையாது. 1954 நவம்பர் 1-ல் பிரெஞ்சுக் கொடி இறங்கி நம் கொடி ஏறியது. கொடி மாறியதே தவிர, சாராயக் கடை மாறவில்லை. மாயவரம், நாகூர்ப் பக்கத்திலிருந்து குடிப்பதற்கென்றே ஆட்கள் வருவார்கள் என்றும், திரும்பிப் போகும் பஸ்களை எல்லையில் நிறுத்திப் பைகளைச் சோதிப்பார்கள் என்றும் என் அப்பா சொல்லக் கேட்டிருக்கிறேன்.

1971-ல் தமிழ்நாடு மதுவிலக்கைத் தளர்த்தியது. பிறகு மூடினார்கள், மறுபடி திறந்தார்கள். 2003-ல் அரசே சில்லறைக் கடை நடத்தத் தொடங்கியது. அப்போதும் வரி குறைவு என்பதால் நம் பக்கத்தில் விலை குறைவு. இன்றும் வாஞ்சூரிலோ அம்பகரத்தூரிலோ எல்லையோரத்தில் நின்று பார்த்தால் விஷயம் புரியும். அரசாங்கங்கள் மூடும், திறக்கும், வரி போடும். எது நடந்தாலும், கடைவாசலில் நிற்கும் பதினெட்டு வயதுப் பையன்தான் கடைசியில் முடிவெடுக்க வேண்டியவனாக இருக்கிறான். அவனுக்கு நாம் என்ன சொல்லிக் கொடுத்து அனுப்பினோம்?

நான் சொல்லிக் கொடுத்ததைச் சொல்கிறேன். எட்டாம் வகுப்பில் ஒரு பையன். குறள் ஒப்புவித்தல் போட்டியில் "கள்ளுண்ணாமை" அதிகாரம் பத்துக் குறளையும் மூச்சுவிடாமல் சொல்லி முதல் பரிசு வாங்கினான். பரிசுக்கு நான்தான் டிபன் பாக்ஸ் வாங்கிக் கொடுத்தேன். ஆறு வருடம் கழித்து அவனை ஆஸ்பத்திரிக் கட்டிலில் பார்த்தேன். யாரோ ஒரு நண்பனுக்கு வேலை கிடைத்ததற்கு விருந்து. திரும்பும் வழியில், இருட்டில், மோட்டார் சைக்கிள் பாலத்துக் கட்டையில் மோதியிருக்கிறது. பின்னால் உட்கார்ந்திருந்த இவனுக்குக் கால் போயிற்று. இன்றும் சாய்த்துத்தான் நடக்கிறான். வண்டியை ஓட்டியவனும் என் வகுப்புதான், அதே பெஞ்சு. அவன் வீடு திரும்பவில்லை.

நான் கோபத்தோடுதான் போனேன். "அத்தனை குறளும் தெரியுமேடா உனக்கு?" என்று கேட்டுவிட்டேன். அவன் மேலே பார்த்தபடி சொன்னான்: "வேணாம்னு சொல்லத்தான் டீச்சர் நெனச்சேன். எப்புடிச் சொல்றதுன்னு தெரியல. எல்லாரும் என்னையே பாத்துக்கிட்டு இருந்தானுவ."

அவன் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். அந்தப் பதிலுக்குப் பிறகு எனக்குப் பல நாள் தூக்கமில்லை. எது கெடுதல் என்று நான் கற்றுக் கொடுத்திருந்தேன். மறுப்பது எப்படி என்று ஒரு பீரியடு கூடக் கற்றுக் கொடுக்கவில்லை.

"எல்லாரும் என்னையே பார்த்தார்கள்" என்பது சாதாரண விஷயம் இல்லை என்பதைப் பின்னாளில் ஒரு பயிற்சி வகுப்பில் தெரிந்துகொண்டேன். சாலமன் ஆஷ் என்ற உளவியல் பேராசிரியர் 1950களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார். ஒரு அட்டையில் ஒரு கோடு, இன்னொரு அட்டையில் மூன்று கோடுகள். மூன்றில் எது முதல் கோட்டின் நீளம் என்று சொல்ல வேண்டும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை சொல்லிவிடும். ஆனால் அறையில் ஒரே ஒருவன்தான் உண்மையான மாணவன். மற்றவர்கள் எல்லாம் வேண்டுமென்றே ஒன்றுபோலத் தப்பான பதில் சொல்லும்படி ஏற்பாடு. அந்தச் சமயங்களில் மூன்றில் ஒரு பங்கு விடைகள் கூட்டத்தோடு சேர்ந்து தப்பாகவே வந்தன. நாலு பேரில் மூன்று பேர் ஒரு தடவையாவது கூட்டத்துக்குப் பணிந்தார்கள்.

இதோடு நின்றிருந்தால் மனம் சோர்ந்துதான் போயிருப்பேன். ஆஷ் இன்னொன்றும் செய்து பார்த்தார். கூட்டத்தில் ஒரே ஒரு ஆளைச் சரியான பதில் சொல்ல வைத்தார். உடனே அந்தத் தவறுகள் நாலில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டன. பக்கத்தில் ஒருத்தர் போதும், பிள்ளைகளா. நீங்களே அந்த ஒருத்தராகவும் இருக்கலாம். நீங்கள் "எனக்கு வேண்டாம்" என்று சொன்னதும், வாய் திறக்க முடியாமல் பக்கத்தில் தவித்துக்கொண்டிருக்கும் இன்னொருவனுக்கும் மூச்சு வருகிறது.

"வேண்டாம்னு சொல்லுப்பா" என்று உபதேசம் செய்தால் போதாதா? அதையும் பெரிய அளவில் செய்து பார்த்துவிட்டார்கள். 1980களில் அமெரிக்க ஜனாதிபதி ரீகனின் மனைவி நான்சி ரீகன், போதைப் பொருளைக் கண்டால் மறுத்துவிடு என்று நாடு முழுவதும் பிரசாரம் செய்தார். 1983-ல் லாஸ் ஏஞ்சலஸில் போலீஸ்காரர்களே பள்ளிக்கூடம் வந்து பாடம் நடத்தும் திட்டம் ஒன்று தொடங்கிப் பல நாடுகளுக்குப் பரவியது. 1990களில் ஆராய்ந்து பார்த்தபோது, அதனால் பிள்ளைகளின் பழக்கத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. பிறகு அந்தத் திட்டக்காரர்களே வேறொரு பாடத்தை எடுத்துக்கொண்டார்கள். அது பிள்ளைகளிடமே "நீங்கள் எப்படித் தப்பித்தீர்கள்?" என்று கேட்டு உருவாக்கியது. நாலு வழிகள்: நேரே மறுப்பது, காரணம் சொல்வது, அந்த மாதிரி இடத்துக்கே போகாமலிருப்பது, எழுந்து வந்துவிடுவது. உலக சுகாதார நிறுவனமும் 1990களில் வாழ்க்கைத் திறன்கள் என்று பத்தைப் பட்டியலிட்டது. முடிவெடுத்தல், பேசிப் புரியவைத்தல், மன அழுத்தத்தைச் சமாளித்தல் எல்லாம் அதில் வரும். திறன் என்றாலே சைக்கிள் விடுவது மாதிரி. விழுந்து எழுந்து பழகித்தான் வரும்.

அமெரிக்காவுக்குப் போவானேன், பக்கத்து ஆந்திராவுக்கு வருவோம். நெல்லூர் மாவட்டம், தூபகுண்டா கிராமம். 1990களின் தொடக்கத்தில் அறிவொளி வகுப்பில் பெண்கள் எழுத்துக் கூட்டிப் படித்தார்கள். பாடத்தில் குடிகாரக் கணவனோடு அல்லாடும் ஒரு பெண்ணின் கதை இருந்தது. வாசித்தார்கள், இது நம் வீட்டுக் கதைதானே என்று பேசினார்கள், சேர்ந்து போய்ச் சாராயக் கடையை நிறுத்தினார்கள். அது ஊர் ஊராகப் பரவி, 1993 ஏப்ரலில் நெல்லூர் மாவட்டத்திலும் அக்டோபரில் ஆந்திரா முழுவதிலும் சாராயம் தடை செய்யப்பட்டது. 1995-ல் முழு மதுவிலக்கும் வந்தது. 1997-ல் அதைத் தளர்த்தியும் விட்டார்கள். சட்டம் வந்த மாதிரியே போய்விட்டது. அந்தப் பெண்கள் தனித்தனியாக வீட்டுக்குள் அழுதபோது முடியாதது, சேர்ந்து பேசிய பிறகு முடிந்தது என்பது மட்டும் போகவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு நானும் என் வகுப்பில் ஒன்று ஆரம்பித்தேன். வெள்ளிக்கிழமை கடைசி பீரியடு. இரண்டு பேர் முன்னால் வர வேண்டும். ஒருவன் கூப்பிட வேண்டும், மற்றவன் மறுக்க வேண்டும். முதல் நாள் ஒரே சிரிப்பு. பாக்கு மெல்லக் கூப்பிடுவது, பரீட்சையில் பேப்பரைக் காட்டச் சொல்வது, ஒரு பையனைப் பட்டப்பெயர் வைத்துக் கேலி செய்யச் சேர்வது, பின்னாளில் போனில் போட்டோ அனுப்பச் சொல்வது, ரம்மி ஆடப் பணம் கேட்பது, எல்லாம் ஆடிப் பார்த்தோம். பிள்ளைகள் கண்டுபிடித்த பதில்களில் சில:

"எனக்கு வேணாம் மாப்ள. நீ கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டா நான் கெளம்பிடுவேன்."

"போட்டோ அனுப்பினாத்தான் நம்புவேன்னு சொல்றவங்க நம்பவே வேணாம்."

"நான் வண்டி ஓட்டணும். உங்களை எல்லாம் வீட்ல விடணும்ல?"

ஒரு பெண் பிள்ளை, வீட்டுக்குப் போன் செய்து "அம்மா, மாத்திரை போட்டுட்டியா?" என்று கேட்டால் உடனே வந்து அழைத்துப் போக வேண்டும் என்று அப்பாவோடு பேசி வைத்திருந்தாள். எனக்கு அவள்தான் டீச்சர்.

இதனால் என் பிள்ளைகள் எல்லாரும் தப்பித்தார்கள் என்று சொல்லமாட்டேன். சிலர் விழுந்தார்கள். விழுந்தவர்களிலும் சிலர் எழுந்து வந்து என்னிடம் பேசினார்கள். பேச ஒரு ஆள் இருக்கிறது என்று தெரிந்திருந்தது, அதுவே பெரிது.

உறவுக்காரர்களிடம் ஒரு வார்த்தை, கோபித்துக்கொள்ளாதீர்கள். விசேஷ வீட்டில் மாடியில் தனியாகக் கூடி, "மாப்பிள்ளைக்கு ஒரு ரவுண்டு" என்று இருபது வயதுப் பையன் கையில் டம்ளரைக் கொடுப்பது யார்? எல்லையோரக் கடைக்காரரா? மாமாவும் சித்தப்பாவும்தானே. பெரியவர் கொடுத்தால் மறுப்பது மரியாதைக் குறைவு என்று அந்தப் பிள்ளையை வளர்த்ததும் நாம்தான். வீட்டில் ஒருமுறையாவது "மாட்டேன்" என்று சொல்லி அடி வாங்காமல் தப்பித்த பிள்ளைக்குத்தான் வெளியில் அந்தச் சொல் வரும்.

நளன் கதைக்கு வருகிறேன். நம் தலபுராணப்படி அவனைப் பிடித்த சனி இங்கே விலகியது. அந்த நம்பிக்கையில்தான் இத்தனை ஜனம் வந்து முழுகுகிறது, நானும் முழுகுகிறேன். பாரதத்தில் இன்னொரு கட்டம் வருகிறது. இருதுபன்னன் என்ற அரசனிடம் தேரோட்டியாக இருக்கும்போது, சூதாட்டத்தின் சூட்சுமத்தை நளன் பாடமாகக் கற்றுக்கொள்கிறான். கற்ற அந்தக் கணத்தில்தான் கலி அவன் உடம்பை விட்டு வெளியேறுகிறான். பிடித்த பீடை, பாடம் படித்ததும் போகிறது. ஒரு வாத்தியாருக்கு இதைவிட ஆறுதலான கதை வேறென்ன வேண்டும்?

கால் சாய்த்து நடக்கும் என் மாணவனுக்கு இப்போது ஒன்பதாவது படிக்கும் மகன் இருக்கிறான். போன மாதம் இருவரும் வீட்டுக்கு வந்தார்கள். காபி குடித்துக்கொண்டே அப்பா மகனிடம், "டேய், ஒரு தம் தான்டா, வா" என்றான், சும்மா விளையாட்டாக. மகன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "நீங்க போங்கண்ணே, எனக்கு வேலை இருக்கு" என்றான்.

இன்று ராத்திரி சாப்பிடும்போது உங்கள் வீட்டிலும் ஒருமுறை ஆடிப் பாருங்கள். நீங்கள் கூப்பிடுங்கள், பிள்ளை மறுக்கட்டும். மறுத்ததும் ஒரு சபாஷ் சொல்லுங்கள்.

என்றும் அன்புடன்,
உங்கள் டீச்சர்,
திருநள்ளாறு