துண்டும் கடனும்: மலைநாட்டுத் தோட்டப் பொருளாதாரத்தின் ஒரு கூறு

கடல் கடந்து குடியேற்றங்களை நிறுவிய ஆங்கிலேயருக்கு நிலத்தைக் கைக்கொள்வதிலும் அந்நிலத்தில் உழைக்க ஆள் தேடுவதே அரிதாயிற்று. 1607ஆம் ஆண்டில் வேர்ஜீனியாவிற் கால்கொண்ட அவர்கள், பின்னர்ப் புகையிலையாற் பொருளீட்டத் தொடங்கியபோது, தாய்நாட்டு ஏழைகளைக் கப்பற் செலவு கொடுத்து அழைத்தனர். அச்செலவுக்கு ஈடாக, வந்தவன் நான்கு முதல் ஏழாண்டு வரை எசமானுக்கு உழைத்தல் வேண்டும். செலவு செய்தவனுக்கோ தலை ஒன்றுக்கு ஐம்பது ஏக்கர் நிலம் கிடைத்தது.

இலங்கை மலைநாட்டின் வரலாறு இரு நூற்றாண்டு பிந்தியது. 1815இல் கண்டி இராச்சியம் பிரித்தானியர் வசமாயிற்று. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், உரிமை நாட்டப்படாத காடுகளையும் தரிசு நிலங்களையும் முடிக்குரியனவாக்கிற்று. மேற்கிந்தியத் தீவுகளில் அடிமைகள் விடுதலை பெற்றபின் அங்குக் கோப்பி விளைச்சல் குன்றவே, இலங்கைக் கோப்பிக்குச் சந்தை வாய்த்தது. ஆயின் தன் வயலை உழுதுவந்த கண்டிய விவசாயி தோட்டத்து நிலையான கூலிவேலையை விரும்பினானல்லன். எனவே துரைமார் தமிழகக் கிராமங்களை நாடினர்.

இலங்கையில் ஒப்பந்தக் கூலிமுறை இல்லை என்பது ஆட்சியாளர் பெருமையோடு கூறிவந்த கூற்று. அது பொய்யன்று. பீஜித் தீவுக்குச் சென்றோர் ஐந்தாண்டு ஒப்பந்தத்திற் கட்டுண்டனர். மலைநாட்டுக்கு வந்தவரோ சட்டப்படி மாதக் கூலியாட்கள். முன்னறிவித்தல் கொடுத்து ஒரு மாதத்தில் விலகலாம். அவ்வாறு விலகியோர் அரியர். காரணம் கடனே.

தோட்டம் பெரிய கங்காணிக்கு முற்பணம் கொடுத்தது. அவன் ஊருக்குச் சென்று ஆட்களின் பழங்கடனைத் தீர்த்து, வழிச்செலவு செய்து அழைத்துவந்தான். அவையனைத்தும் ஆளின் பேரிற் பற்றெழுதப்பட்டன. தோட்டத்தில் அளந்த அரிசியின் விலையும் கூலியிற் கழிந்தது. வேலைக்கு வந்த ஆளொன்றுக்கு நாளொன்றுக்கெனக் கங்காணி தலைக்காசு பெற்றான். ஆட்களைப் பிடித்துவைத்திருத்தல் அவனுக்கு வருவாயாயிற்று.

இம்முறையின் உச்சமே துண்டு. இன்ன தொகையைச் செலுத்தினால் இக்கங்காணியும் இவன் ஆட்களும் விடுவிக்கப்படுவர் எனத் துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. மற்றொரு தோட்டம் தொகையைக் கட்டி ஆட்களை ஏற்றது. கடனும் உடன் சென்றது. சில வேளை மேலும் பணம் பெற்றுக் கங்காணி மிச்சத்தைத் தன் மடியிற் கட்டினான். சுமை ஆட்களின் தலையில் ஏறிற்று. ஆங்கில அரசின் ஆவணங்களும் இதனைத் தமிழ்ச் சொல்லாலேயே குறித்தமை கருதத்தக்கது. வேர்ஜீனிய ஊழியனுக்கு விடுதலை நாளொன்று குறிக்கப்பட்டிருந்தது. துண்டில் அடங்கிய கடனுக்கு நாளில்லை. சட்டத்திற் சுதந்திரனாயிருந்தவன், ஒப்பந்தத்திற் கட்டுண்டவனிலும் நெடுங்காலம் கட்டுண்டான்.

1869இல் கோப்பி இலைகளிற் பூஞ்சண நோய் தோன்றிற்று. லூல்கந்துரையில் ஜேம்சு தெயிலர் 1867இல் 19 ஏக்கரிற் பயிரிட்டிருந்த தேயிலை விரைந்து பரவிற்று. 1884இல் ஹட்டனுக்கும் 1885இல் நானுஓயாவுக்கும் புகையிரதம் வந்தது. கோப்பி பறிக்கும் காலத்துக்கு வந்து ஊர் திரும்பியோர் முன்னர்ப் பலர். தேயிலைக் கொழுந்தோ ஆண்டு முழுவதும் துளிர்ப்பது. ஆகவே பெண்களும் பிள்ளைகளுமாகக் குடும்பங்கள் லயங்களில் நிலைகொண்டன. புதுத் தோட்டங்கள் ஆட்களுக்குப் போட்டியிட்டன. துண்டுத் தொகைகள் உயர்ந்தன. குறைந்த கூலியாற் பெயர்பெற்ற இத்தொழில், அக்கூலியை உயர்த்துவதற்கு மாறாக முற்பணத்தைப் பெருக்கியே ஆள் பிடித்தது. முற்பணம் திரும்பப் பெறத்தக்கது. உயர்த்திய கூலி அவ்வாறன்று.

இந்தியாவிலெழுந்த எதிர்ப்பின் பின்னர், 1921ஆம் ஆண்டுச் சட்டம் துண்டைத் தடைசெய்தது. ஆள் சேர்க்கும் செலவு 1923 முதற் பொதுநிதிக்கு மாற்றப்பட்டது. 1929இல் விதிக்கப்பட்ட குறைந்தபட்சக் கூலி, உயர்மலைத் தோட்டத்து ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதம். தலைக்காசு மட்டும் உடனே மறையவில்லை. 1931இல் கோ. நடேசையர் ஹட்டனிலிருந்து தொழிற்சங்கப் பணியைத் தொடங்கியபோது, துரைமாரோடு பெரிய கங்காணிமாரையும் எதிர்க்க வேண்டியதாயிற்று.