செத்த காலேஜ், உயிர் காலேஜ், மீன் காட்சிசாலை

எழும்பூர் மியூசியம் 'செத்த காலேஜ்'. மூர் மார்க்கெட் பக்கத்தில் இருந்த மிருகக்காட்சிசாலை 'உயிர் காலேஜ்'. நம் வயதுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மெரினாவில் இருந்த மீன் காட்சிசாலைக்கு மட்டும் பட்டப்பெயர் வாய்க்கவில்லை. ஆனால் மூன்றும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

1851ல் மியூசியம் தொடங்கியபோது அதன் பொறுப்பில் இருந்தவர் எட்வர்ட் பால்ஃபர் என்ற டாக்டர். உயிருள்ள மிருகங்களை வைத்தால் கூட்டம் வரும் என்று கண்டுகொண்டு, 1855ல் மியூசியம் வளாகத்திலேயே ஒரு மிருகக்காட்சிசாலையைத் தொடங்கினார். அது பிறகு மூர் மார்க்கெட் பக்கம் போனது.

அதே மியூசியத்துக்குப் பின்னாளில் தலைவராக வந்தவர் எட்கர் தர்ஸ்டன். தென்னிந்திய சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி 7 தொகுதிகள் எழுதியவர் என்றுதான் அவரைப் பலருக்குத் தெரியும். மன்னார் வளைகுடாவின் முத்துச்சிப்பி, சங்கு, கடல் உயிர்கள் பற்றியும் ஆராய்ந்து எழுதியவர் அவர். அவருடைய முயற்சியால் உருவான மீன் காட்சிசாலை 1909ல் மெரினாவில் திறக்கப்பட்டது. இந்தியாவிலேயே முதலாவது அதுதான். 1919ல் அது மீன்துறையின் கைக்குப் போனது.

கடல் மீனைத் தொட்டியில் உயிரோடு வைத்திருப்பது லேசான காரியமல்ல. தண்ணீர் ஆவியாக ஆக உப்பு ஏறும். மீனின் கழிவே தண்ணீரை நஞ்சாக்கும். வெயில் காலத்தில் சூடு வேறு. அந்தக் காலத்தில் கடலுக்குப் பக்கத்திலேயே கட்டியதில் ஆச்சரியமில்லை.

இரண்டாம் உலகப் போர் இரண்டு பிள்ளைகளையும் பாதித்தது. 1942ல் ஜப்பான் குண்டு போடும் என்ற பயத்தில் பட்டணமே காலியானது. கூண்டு உடைந்தால் ஆபத்து என்று சிங்கம், புலிகளைச் சுட்டுக் கொன்றார்கள். மீன் காட்சிசாலையை மூடினார்கள். அறுபதுகளின் கடைசியில் நான் பார்த்தபோது சில தொட்டிகளோடு சிறிய இடமாக இருந்தது. பேத்தை மீன் பந்து போல உப்பியதைப் பார்த்து வாயைப் பிளந்தது நினைவிருக்கிறது.

உயிர் காலேஜ் 1985ல் வண்டலூருக்கு வந்து, ஒரகடத்துக்காரர்களுக்குப் பக்கத்து வீடாகிவிட்டது. மீன் காட்சிசாலைக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. 2019ல் ஈஞ்சம்பாக்கத்தில் தனியார் ஒருவர் திறந்த கடல் உலகத்தில் தலைக்கு மேல் சுறா நீந்துகிறது. அலையாத்திக் காடு, கரையோரம், ஆழ்கடல் என்று பகுதி பகுதியாகக் காட்டுகிறார்கள். குழந்தைகள் கட்டாயம் பார்க்க வேண்டும்.

அதே 2019ல்தான் செங்கல்பட்டு தனி மாவட்டமானது. கோவளமும் மாமல்லபுரமும் அங்கே போக, நம் காஞ்சிபுரம் மாவட்டத்துக்குக் கடலே இல்லாமல் போயிற்று. கம்பெனி வேலைக்காக வடக்கிலிருந்து வந்து குடியேறியவர்களின் பிள்ளைகளும் நம் பேரப்பிள்ளைகளும் இனி வரைபடத்தில் கடல் இல்லாத மாவட்டத்தில்தான் வளர்வார்கள்.

ஆகவே எனக்குத் தோன்றுவது இது. சுறாவைக் காட்டிவிட்டு, அதே சாலையில் தெற்கே கொஞ்ச தூரம் போய் முட்டுக்காட்டில் வண்டியை நிறுத்துங்கள். கடலும் உப்பங்கழியும் சேரும் முகத்துவாரம் அது. கொடுவா மீன் கழியில் வளர்ந்து, முட்டையிடக் கடலுக்குப் போகும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அந்த முகத்துவாரம் மணல் மூடி அடைபட்டால் அதற்குப் போக வழியில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஒரகடத்திலிருந்து வண்டலூர், கேளம்பாக்கம் வழியாகப் போனால் காலையில் கிளம்பி மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம்.