எரியாடியும் அலைத்தட்டும்

வியாழக்கிழமை ஆட்டுச் சந்தைக்குப் பெயர்பெற்ற அய்யலூரில், ஓட்டு வீடாயினும் மச்சு வீடாயினும், கூரைமீது ஒரு வட்டத் தட்டு தென்கிழக்காகச் சாய்ந்து வானை நோக்கி நிற்கக் காணலாம். நிலநடுக்கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்திலுள்ள செயற்கைக் கோள் அனுப்பும் நலிந்த அலைகளை அது ஏந்துகிறது. இத்தட்டையே இப்னுல் ஹைதம் கண்டுபிடித்தார் என்று மேடைகளில் முழங்குவோர் நம்மில் உளர். அது மிகை; மிகையால் அவருக்குப் பெருமை சேராது.

அவர் செய்தது வேறு. பஸ்ராவில் பிறந்து, காஹிராவில் வாழ்ந்து, 1040-ஐ ஒட்டி மறைந்த அப்பேரறிஞர் எரியாடிகளைப் பற்றித் தனி நூலே எழுதினார். சூரியக் கதிர்களைக் குவித்துத் தீமூட்டும் குழியாடியே எரியாடி. அதை நம் வீட்டு வாணலிபோலக் கோளத்தின் துண்டாக வளைத்தால் கதிர்கள் யாவும் ஒரே புள்ளியில் கூடுவதில்லை. பரவளைய வடிவில் வளைத்தாலோ, அச்சுக்கு இணையாக வரும் கதிர் தட்டில் எங்கு விழுந்தாலும் குவியத்திற்கே திரும்பும். இதனை அவர் கணித முறையில் நிறுவினார். முன்னோர் இப்பண்பை அறிந்திருந்தனர் என்பதை அவர் மறைக்கவுமில்லை. கிரேக்கரான டயோக்ளிஸ் கி.மு. 200-ஐ ஒட்டி எழுதிய எரியாடி நூல் மூலமொழியில் அழிந்துபோயிற்று; அரபு மொழிபெயர்ப்பில்தான் அது முழுமையாகத் தப்பி, 1976-இல் அச்சேறியது. ஒரு நூலைக் காத்துக் கொடுத்ததும் சிறு பணியன்று.

ஒளிக்குப் பொருந்துவது வானொலி அலைக்கும் பொருந்தும் என்பதை, 1888-இல் ஹெர்ட்ஸ் என்னும் ஜெர்மானியர் துத்தநாகத் தகடுகளைப் பரவளையமாக வளைத்துக் காட்டினார். குவியத்தை அடையும் வழிகள் அனைத்தும் சமநீளமாதலால், அலைகள் ஒன்றையொன்று அழிக்காமல் முகட்டோடு முகடு கூடி வலுப்பெறுகின்றன.

நம் நாட்டின் சிற்றூர்களுக்கு இத்தட்டு வந்தது 1975 ஆகஸ்டில். அமெரிக்காவின் ஏ.டி.எஸ்-6 கோள் வழியே ஓராண்டுக் காலம், ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 கிராமங்கள் தொலைக்காட்சி கண்டன. அந்த ஆறில் தமிழகம் இல்லை. கோளில் குடைபோல் விரியும் 9 மீட்டர்த் தட்டு இருந்தமையால் தரையில் 3 மீட்டர் போதுமாயிற்று. அத்தரைத் தட்டுகளோ கோழிவலைக் கம்பியால் ஆனவை! ஓட்டை வழியே அலை ஒழுகிவிடாதோ எனலாம். அவ்வலையின் நீளம் ஏறத்தாழ 35 சென்டிமீட்டர். விரல் நுழையும் கண்கள் அதற்குச் சுவரே.

இன்று அய்யலூர்க் கூரைகள் வாங்கும் அலை ஏறத்தாழ இரண்டரை சென்டிமீட்டர்தான். கோழிவலை இதற்கு உதவாது; சிறு நெளிவும் படத்தைக் கெடுக்கும். வாங்கி நடுவில் இராமல், கீழ் விளிம்பிலிருந்து நீளும் கையில் இருப்பதேன் என்று சிறுவர் கேட்பதுண்டு. இத்தட்டு முழுப் பரவளையமன்று. அதன் ஓரத்திலிருந்து வெட்டிய துண்டு. குவியம் ஒருபுறம் ஒதுங்கிவிடுவதால், வாங்கியின் நிழல் தட்டின்மேல் விழுவதில்லை.