போடிமெட்டு மழையும் கொச்சித் துறைமுகமும்

கொச்சிக்கு டூர் போறவங்க சீனவலை முன்னாடி ஒரு போட்டோ, வாஸ்கோடகாமாவை முதல்ல புதைச்ச பிரான்சிஸ் சர்ச்சுல ஒரு போட்டோ எடுத்துட்டுத் திரும்பிடுறாங்க. போடிக்காரங்களாவது கொஞ்சம் நிதானமாப் பார்க்கணும். அந்த ஊருக்கும் நம்ம மலைக்கும் இருக்கிற சம்பந்தம் 1341லேயே ஆரம்பிச்சது!

போடிமெட்டுல மழை ரெண்டாப் பிரியும். கிழக்கே விழுந்தா கொட்டகுடி ஆறு, அப்புறம் வைகை. மேற்கே பூப்பாறைப் பக்கம் விழுந்தா பன்னியாறு, முதிரப்புழையாறு, கடைசியில் பெரியாறு. அந்தப் பெரியாறு 1341ல் பெருவெள்ளமாய் இறங்கி முசிறித் துறைமுகத்தைத் தூர்த்துவிட்டு, தெற்கே கொச்சி முகத்துவாரத்தை அகலமாக்கியது என்பது வரலாற்று ஆசிரியர்கள் பலரின் கருத்து. சங்க இலக்கியத்துல வர்ற அதே முசிறிதாங்க. மலைச்சரக்கு வாங்க வந்த கப்பலெல்லாம் அப்புறம் கொச்சிக்குத் திரும்பியது.

சரி, மட்டாஞ்சேரிக்கு வருவோம். 1555 வாக்கில் போர்ச்சுகீசியர் கட்டி ராஜாவுக்குக் கொடுத்த அரண்மனைக்கு 'டச்சு அரண்மனை'ன்னு பேரு. (ரிப்பேர் பார்த்தவன் பேர் வாங்கிட்டான்!) பக்கத்திலேயே 1568ல் கட்டிய யூதர் ஜெபஆலயம். அந்த யூதத் தெருவில்தான் மிளகுக்கு முன்பேர வியாபாரம் 1957ல் தொடங்கியது. கூவிக் கூவி விலை சொன்ன காலம் போய், கம்ப்யூட்டர் வந்து, சத்தமே அடங்கிப் போச்சு. இப்ப அந்தத் தெருவில் பழம்பொருள் கடைகள்தான் அதிகம். வாசனை மட்டும் சில கிடங்குகளில் மிச்சம் இருக்கு. போடியிலும் ஏலக்காய் ஏலம் இன்னைக்குக் கம்ப்யூட்டர்லதான். ஆனா நம்மகிட்ட சரக்கு இன்னும் வருது, அதுதான் வித்தியாசம். ஏலத்தை நடத்தச் சொல்லி உத்தரவு கொடுக்கிற ஸ்பைசஸ் போர்டோட தலைமையகம் கொச்சியில்தான் இருக்கு என்பதையும் சொல்லிடறேன்.

பலரும் போகாத இடம் ஒண்ணு: போர்ட் கொச்சி, வெளி பகுதியில் இருக்கிற தோபிகானா. அங்கே துவைக்கிறவங்க தமிழங்க. பட்டாளத்துத் துணி துவைக்க டச்சுக்காரங்க காலத்திலேயே முன்னோர் வந்ததாச் சொல்றாங்க. வரிசையாத் தொட்டி, கல்லு, கயித்துல வெள்ளைத் துணி. இளவட்டங்க இந்த வேலைக்கு வர்றதில்லை. அரண்மனையை அடுத்த வருஷமும் பார்க்கலாம், இதை முதல்ல பாருங்க.

இன்னொரு விஷயம். பிரிஸ்டோ துரை மணல்திட்டை வெட்டி, பெரிய கப்பல் கொச்சி உள்துறைமுகத்துக்குள்ள நுழைஞ்சது 1928 மே மாசம். மதுரையில் இருந்து போடிக்கு ரயில் வந்ததும் அதே 1928தான். மலைக்கு ரெண்டு பக்கமும் ஒரே வருஷம் வாசல் திறந்திருக்கு! நம்ம வாசல் 2010 கடைசியில் அகலப்பாதைக்காக மூடி, 2023 ஜூன் 15ல்தான் மறுபடி திறந்தது.

போறதுக்கு டிசம்பர்தான் சரி. ஏலக்காய் பறிப்பும் பெரும்பாலும் முடிஞ்சிருக்கும், கையில காசும் இருக்கும் :-) 2012ல் தொடங்கிய கலைத்திருவிழா 'பினாலே' நடக்கிற வருஷமா இருந்தா யோகம்; பழைய கிடங்குகளில் மூட்டைக்குப் பதிலா ஓவியம் இருக்கும். 31ஆம் தேதி ராத்திரி பாப்பாஞ்ஞி பொம்மையை எரிப்பாங்க. ஜூலையில் மட்டும் வேண்டாம். மூணாறுக்கு முன்னாடி கேப் ரோட்டில் மண்சரிஞ்சா, பூப்பாறையோட திரும்பி வர வேண்டியதுதான்.