பீரங்கிக் கணக்கிலிருந்து பாடகர் குரலுக்கு

முன்பெருக்கிகளிலிருந்து வரும் மூன்று குரல்களை ஒன்றாக்க, ஒவ்வொன்றையும் ஒரு 10 கிலோ ஓம் மின்தடை வழியாக ஆப்-ஆம்பின் எதிர் உள்ளீட்டில் சேர்க்க வேண்டும். வெளியீட்டிலிருந்து அதே முனைக்கு இன்னொரு 10 கிலோ ஓம் மின்தடை பின்னூட்டமாக அமையும். நேர் உள்ளீடு தரையோடு இணையும். மின்னணுவியல் மாணவர் அனைவரும் அறிந்த இந்த ஒலிக்கலவைச் சுற்று இசைக்காகப் பிறந்ததன்று.

பெல் ஆய்வகத்தின் கார்ல் சுவார்ட்செல் 1941இல் இதற்குக் காப்புரிமை கோரினார். 1946இல் வழங்கப்பட்ட அவ்வுரிமையின் தலைப்பே 'கூட்டும் பெருக்கி' என்பதுதான். அதே ஆய்வகத்தில் ஹரால்ட் பிளாக் 1927இல் கண்டறிந்த எதிர்ப்பின்னூட்டம் அதற்கு அடித்தளமாயிற்று. வால்வுகளாலான இப்பெருக்கிகள் எம்-9 என்னும் பீரங்கிக் குறிக்கருவியில் இடம்பெற்றன. ரேடார் காட்டிய இலக்கு, குண்டு சென்றடையும் கணத்தில் எங்கே இருக்கும் என்பதை அக்கருவி மின்னழுத்தங்களைக் கூட்டிக் கணித்தது. 1944இல் இங்கிலாந்தை நோக்கி வந்த ஜெர்மானிய வி-1 பறக்கும் குண்டுகளை வீழ்த்தியதில் அதற்குப் பெரும்பங்கு உண்டு. கணிதச் செயல்களை ஆற்றுவது என்னும் பொருளில் 'செயல்பாட்டுப் பெருக்கி' என்ற பெயரை 1947இல் ரகாசினி குழுவினரின் கட்டுரை நிலைநிறுத்தியது.

போர்க்கருவி இசைக்கருவியானது எங்ஙனம்? இரண்டின் தேவையும் ஒன்றாக இருந்ததே காரணம். கணக்கில் ஓர் உறுப்பின் மதிப்பு மாறும்போது மற்றோர் உறுப்பு சிதையலாகாது. கலவையில் ஒரு பாடகரின் ஒலியளவைக் குறைக்கும்போது மற்றவரின் குரல் மாறலாகாது. மின்தடைகளை மட்டும் கொண்ட கலவையில் இந்தக் குறுக்கீடு தவிர்க்க இயலாதது. ஆப்-ஆம்பிலோ, பின்னூட்டம் கூட்டுமுனையை ஏறத்தாழ சுழிய மின்னழுத்தத்திலேயே நிறுத்துகிறது. மின்னோட்டங்கள் அங்கே ஒன்றுசேர்கின்றனவேயன்றி ஒன்றையொன்று பாதிப்பதில்லை.

எனினும், பழைய அளவுகோல்கள் செவிக்குப் போதவில்லை. 1968இல் ஃபேர்சைல்டு நிறுவனத்தில் டேவ் புல்லகர் வடிவமைத்த 741 சில்லின் வெளியீடு மைக்ரோ நொடிக்கு 0.5 வோல்ட் மட்டுமே ஏறவல்லது. ஆகவே 20 கிலோஹெர்ட்ஸில் 4 வோல்ட் உச்சத்தைத் தாண்டினால் அலை சிதையும். சமமான பத்து உள்ளீடுகளைச் சேர்த்தால் பெருக்கியின் சொந்த இரைச்சல் 11 மடங்காக வெளிப்படும். கணக்கிடும் கருவி நிலைத்த துல்லியத்தை நாடியது. செவியோ வேகத்தையும் அமைதியையும் வேண்டியது. 1970களின் பிற்பகுதியில் சிக்னெட்டிக்ஸின் 5534 போன்ற சில்லுகள் அவ்விடைவெளியை நிரப்பின.

ஒரு சுற்றின் பயன் அதன் பிறப்பால் தீர்மானிக்கப்படுவதில்லை. கொல்லும் தொலைவைக் கூட்டிய அதே முனையில் இன்று குரல்கள் கூடுகின்றன.