மகமையும் முதுமையும்

இரங்கூன் மாநகரின் பபேடான் பகுதியில், இன்று ஷ்வே பொந்தா வீதி என வழங்கும் பழைய மொகல் தெருவில், பிரிட்டிஷ் ஆட்சிக்காலத்தில் கொடுக்கல் வாங்கல் நடத்திய நாட்டுக்கோட்டை நகரத்தார், தத்தம் மூலதனத்தின் அளவுக்கேற்ப ‘மகமை’ என்னும் பங்கை எடுத்துவைத்து, கோயிலையும் தர்ம காரியங்களையும் போஷித்து வந்தனர். பெருமுதல் உடையவர் மிகுதியாக ஈவதே நியாயம் என்னும் அத்தத்துவம், முதியோர் உதவித்தொகை முதலியவற்றுக்காகச் செல்வர்மீது வரியை உயர்த்த 1909-இல் நிதியமைச்சர் லாயிட் ஜார்ஜ் இங்கிலாந்தில் முன்மொழிந்த வரவு செலவுத் திட்டத்திலும் பிரகாசித்தது. ஆயினும், இரங்கூனில் மூட்டை சுமந்து முதுகு வளைந்த கூலியாளுக்கு மகமை உரிமையாகக் கிட்டியதில்லை. 1963-64-இல் அங்கு வங்கிகளும் கடைகளும் தேசவுடைமையானபின், மகமை ஈந்த சமூகமே சிதறிற்று. ஆதலின், கொடுப்போர் மனத்தை மட்டும் நம்பிநில்லாமல், மகமை நெறி சட்டத்தின் வடிவம் பெற்று, உழைத்து ஓய்ந்தோர் அனைவரையும் காக்கும் பொதுநிதியாக மலர்தல் வேண்டும்.